காய்கறி அட்டையைத் திரும்பப் பெறுங்கள்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் தலைமை ஆசிரியருக்கும்,

இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் பையில் ஒரு பச்சை அட்டை வந்து போகிறது. இரவுச் சாப்பாட்டில் வைத்த காயைக் குழந்தை மிச்சம் வைக்காமல் முடித்தால் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தால் மறுநாள் ஒரு நட்சத்திரம். வாரம் முழுக்க நட்சத்திரம் வாங்கியவர்களுக்கு வெள்ளிக்கிழமை சாக்லேட். குறைவாக வாங்கியவர்களின் பெயர் ‘இன்னும் முயல வேண்டியவர்கள்’ என்ற தலைப்பில் வகுப்புப் பலகையில் ஏறுகிறது. இந்தத் திட்டத்தை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். அலுவலகத்தில் நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு, ‘நல்ல நோக்கத்தோடு செய்வது’ என்ற பதில் மட்டும் வந்தது. நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அட்டை பிள்ளைகளின் சாப்பாட்டை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் வராததால் இப்போது எல்லோரும் பார்க்கவே கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் சமைப்பவன் நான். மனைவிக்கு மாலைநேர வேலை. பெரியவள் நான்காம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு, இருவரும் உங்கள் பள்ளியில்தான். நான் காய் நறுக்கும்போது சின்னவன் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பக்கத்தில் நின்றுகொள்வான். வெள்ளரிக்காய் நறுக்கினால் பலகையில் துண்டுகள் குறைந்துகொண்டே போகும். கேரட்டைத் துருவினால் கீழே சிந்துவதைப் பொறுக்கி மென்றுகொண்டிருப்பான். தட்டில் வைத்தால் திரும்பிப் பார்க்காத காயைக்கூட அங்கே நின்றபடி, சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சாப்பிடுவான். அட்டை வந்தபின் ஒரு மாலை, வெள்ளரித் துண்டைக் கையில் எடுத்தவன் வாயில் போடாமல் என்னைப் பார்த்தான். “அப்பா, இது அட்டைல சேருமா?” என்றான். இல்லடா, ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் என்றேன். துண்டைத் திரும்பவும் பலகையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

உங்கள் திட்டம் எங்கள் வீட்டில் செய்த முதல் வேலை இது.

இதை ஒரு பிள்ளையின் பிடிவாதம் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. குழந்தைகள் எதை ஏன் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்பதையே தன் ஆய்வு வாழ்க்கையாக்கிக்கொண்டவர் அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிச் சிறு பிள்ளைகளைக் குடிக்க வைத்தார்கள். பரிசு கிடைத்தது, பிள்ளைகளும் குடித்தார்கள். ஆனால் அந்தப் பானத்தின் மேல் அவர்களுக்கு இருந்த விருப்பம் முன்பைவிடக் குறைந்துபோனது. அதற்கு முன்பே, 1980-இல், அவர் இன்னொன்றையும் காட்டியிருந்தார்: எந்தத் தின்பண்டத்தைப் பரிசாகக் கொடுக்கிறோமோ அதன் மேல் பிள்ளைகளின் ஆசை கூடுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காய்க்குச் சாக்லேட் பரிசு என்ற உங்கள் ஏற்பாடு காயின் மேல் இருக்கும் விருப்பத்தையும் குறைக்கும், சாக்லேட்டின் மேல் இருக்கும் ஆசையையும் கூட்டும். கூலி கொடுத்துச் செய்யவைக்கும் வேலை யாருக்கும் பிடிக்காத வேலையாகத்தான் இருக்கும் என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் யாராவது இதைத் தேடி எடுத்து என் முன்னால் வைக்கக்கூடும். எல்லாப் பரிசும் கெடுதல் என்று ஆய்வுகள் சொல்லவில்லை. 2011-இல் லூசி குக்கும் அவருடைய குழுவும் இங்கிலாந்துப் பள்ளிகளில் செய்த ஆய்வில், பிடிக்காத காயில் ஒரு சின்னத் துண்டைச் சும்மா ருசி பார்த்த 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். அது உதவியது, பலன் மூன்று மாதம் கழித்தும் நின்றது. ஆனால் அங்கே கேட்டது ஒரு துண்டைத்தான். முடிக்கச் சொல்லவில்லை. கொடுத்தது தின்பண்டமும் இல்லை. தட்டைக் காலி செய்தால் சாக்லேட், செய்யாவிட்டால் பலகையில் பெயர் என்பது வேறு சங்கதி. இரண்டையும் ‘ஊக்கம்’ என்ற ஒரே பெயரில் சேர்த்துவிடாதீர்கள்.

மிச்சம் வைக்காமல் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கவைத்தது அதுதான். 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஒரே பிள்ளைகளுக்கு இரண்டு சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் குடிக்கும்போது ‘சூப்பை முடிச்சிடு’ என்று நடுநடுவே சொன்னார்கள், மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை, மிரட்டவில்லை, பக்கத்தில் இருந்து நினைவூட்டியது மட்டும்தான். அதற்கே, சும்மா விட்ட சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றி அவர்கள் சொன்ன குறைகள் பல மடங்கு. 2002-இல் கல்லூரி மாணவர்களிடம் சிறுவயதில் கட்டாயப்படுத்தி ஊட்டப்பட்ட உணவைப் பற்றிக் கேட்டபோது, பெரும்பாலானோர் அந்த உணவை இன்றைக்கும் விரும்பித் தொடுவதில்லை என்றார்கள். யார் கட்டாயப்படுத்தினார்கள், எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பது வரை அந்த வயதில் சாப்பாட்டு மேசையில் பட்டது மனதில் தங்குகிறது.

இப்போது உங்கள் அட்டை எங்கள் மேசையில் நடக்கும் விதத்தைப் பாருங்கள். இரவு எட்டரை மணி. பட்டாணியும் முட்டைக்கோஸும் தட்டில். பெரியவள் தன் பங்கை முடித்துவிட்டுத் தம்பியின் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஏனென்றால் அவன் பெயர் பலகையில் வந்தால் அவளுடைய தோழிகள் கேட்பார்கள். அவன் முட்டைக்கோஸை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருக்கிறான். கன்னம் ஒரு பக்கம் புடைத்திருக்கிறது. கண் என் கையில் இருக்கும் பேனாவில். தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்து போய்த் துப்பிவிட்டு வருகிறான், எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். வந்து உட்கார்ந்து, “முடிச்சிட்டேன்” என்கிறான். நான் கையெழுத்துப் போட்டால் பொய்க்கு உடந்தை. போடாவிட்டால் நாளைக்கு ஒரு வகுப்பறையின் முன்னால் அவன் பெயர். காயைச் சாப்பிடவைக்கும் திட்டம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

இந்த நெருக்கடி எங்களுக்கு மட்டும் இல்லை. வாசலில் பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பெற்றோர்களிடம் பேசிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவே அந்த வாரத்துக்கான ஐந்து கட்டத்திலும் கையெழுத்துப் போட்டு வைப்பவர்கள் உண்டு. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் பெயர் பலகையில் ஏறுவதைப் பார்க்கச் சகிக்காமல் போடுகிறார்கள். ஆனால் அந்த நட்சத்திரங்களைக் கூட்டித்தான் ‘காய்கறி உண்ணும் மாணவர்களின் விகிதம் உயர்ந்துள்ளது’ என்று ஆண்டுவிழாவில் நீங்கள் வாசிக்கப்போகிறீர்கள்.

அட்டையோடு வந்த சுற்றறிக்கைக்கு வருகிறேன். ‘அன்புள்ள தாய்மார்களுக்கு’ என்று தொடங்குகிறது அது. சமைக்கும் அப்பாக்களும் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளும் உங்கள் பள்ளியில் இருக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுக் கடக்கிறேன். இரண்டாம் பத்தியில், ‘வீட்டில் கண்டிப்பும் அக்கறையும் இருந்தால் காய்கறி சாப்பிடாத குழந்தை என்று ஒன்று இருக்காது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எழுதியவர் ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்துப் பார்த்திருக்க மாட்டார். என் மகள் புதிதாக எதை வைத்தாலும் முகர்ந்துகூடப் பார்க்காமல் வாயில் போடுவாள். மகன் ஒரு காயின் வடிவம் மாறினாலே அதை வேறு காய் என்று நினைப்பவன். அதே அடுப்பு, அதே சமையல்காரன், அதே கண்டிப்பு. 2007-இல் 8 முதல் 11 வயது இரட்டையர்களை வைத்து இங்கிலாந்தில் செய்த ஆய்வில், புதிய உணவைக் கண்டு பின்வாங்கும் குணத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணப்படும் வித்தியாசத்தில் 78 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கணக்கிட்டார்கள். இரண்டு வயதுக்குமேல் ஆறு வயதுவரை இந்தத் தயக்கம் உச்சத்தில் இருக்கும் என்பது குழந்தை மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. முட்டைக்கோஸ் வகைக் காய்களின் கசப்பு சில பிள்ளைகளின் நாக்கில் மற்றவர்களைவிடக் கடுமையாகப் படுகிறது, அதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. பிறவியோடு வந்த தயக்கத்துக்கு வகுப்புப் பலகையில் பெயர் எழுதுவது உயரம் குறைந்த பிள்ளையின் பெயரை எழுதுவதற்குச் சமம்.

அந்தச் சுற்றறிக்கையில் ஓர் எண்ணும் தவறாக இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லோருக்கும் நாளுக்கு 400 கிராம் காயும் பழமும் என்று போட்டு, உலக சுகாதார நிறுவனம் சொன்னது என்கிறீர்கள். அந்த நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2 முதல் 5 வயதுக்குக் குறைந்தது 250 கிராம், 6 முதல் 9 வயதுக்கு 350 கிராம், 10 வயதுக்கு மேல்தான் 400 கிராம். அதுவும் நாள் முழுவதற்கும், காயும் பழமும் சேர்த்து. பெரியவர்களின் அளவை ஐந்து வயதுப் பிள்ளையின் தட்டில் வைத்து, மிச்சம் வைக்காதே என்று சொல்வதைத் திருத்தவாவது செய்யுங்கள்.

மரபணு என்று சொல்லி வீட்டின் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பங்கு இருக்கிறது, பெரிய பங்கு. அது நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை என்பதுதான் என் பேச்சு. பிள்ளைகள் காயும் பழமும் சாப்பிடுவதை எது தீர்மானிக்கிறது என்று தேடிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்து நிற்பவை கண்டிப்பும் அறிவுரையும் இல்லை. வீட்டில் அது இருக்கிறதா, பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா, பெரியவர்கள் அதைச் சாப்பிடுகிறார்களா, இவைதான். இருப்பதற்கும் எட்டுவதற்கும் நடுவில் உள்ள தூரத்தைச் சமைப்பவர்கள் அறிவார்கள். குளிர்பெட்டியின் அடித்தட்டில் பையோடு கிடக்கும் ஆப்பிள் வீட்டில் இருக்கிறது, ஆனால் பிள்ளைக்கு இல்லை. அதையே கழுவி நறுக்கிப் பிள்ளையின் கண்மட்டத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்தால், விளையாடிக் களைத்து வரும் நேரத்தில் கேட்காமலே காலியாகிறது. பக்கத்திலேயே பிஸ்கட் டப்பா திறந்திருந்தால் அந்தக் கிண்ணம் அப்படியே இருக்கும். இதில் பிள்ளையின் நற்குணமோ பெற்றோரின் கண்டிப்போ எங்கே வந்தது? எது முதலில் கைக்குப்பட்டதோ அதுதான்.

பசியின் நேரமும் அப்படித்தான். மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மற்ற உணவு வருமுன் கேரட்டை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. அளவை 30 கிராமிலிருந்து 60 கிராமாக்கியபோது பிள்ளைகள் சாப்பிட்ட கேரட் 47 சதவீதம் கூடியது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நட்சத்திரமும் கொடுக்கவில்லை. பசித்திருக்கும் வாயின் முன் போட்டிக்கு வேறொன்று இல்லாத நேரத்தில் காய் இருந்தது, அவ்வளவுதான். என் மகன் முக்காலியில் நின்றபடி சாப்பிட்டதும் இதே கணக்குதான். சாப்பாடு தயாராவதற்கு முந்தைய அந்த அரைமணி நேரத்தில்தான் அவன் வயிற்றுக்குள் உண்மையில் காய் போனது. உங்கள் அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.

பெரியவர்கள் சாப்பிடுவது பற்றி: 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளை வைத்து 2005-இல் செய்த ஆய்வில், பக்கத்தில் இருந்த பெரியவர் அதே உணவைச் சாப்பிட்டபோதுதான் பிள்ளைகள் புதிய உணவை அதிகம் ஏற்றார்கள். பெரியவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும், வேறொன்றைச் சாப்பிட்டாலும் அந்தப் பலன் இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுக்கும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பிறகு கேரட் சுவை கலந்த கஞ்சியைக் கொடுத்தபோது குறைவாகவே முகம் சுளித்தார்கள் என்று 2001-இல் ஜூலி மெனெல்லாவின் குழு காட்டியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழக்கம். ஜேன் வார்டிலும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வை உங்கள் குழு கட்டாயம் படிக்க வேண்டும், ஏனென்றால் அது உங்கள் சுற்றறிக்கையையே சோதித்துப் பார்த்ததுபோல் இருக்கிறது. 2 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு, பிள்ளைக்குப் பிடிக்காத ஒரு காயை வீட்டில் 14 நாள் தினமும் கொஞ்சம் ருசி பார்க்கக் கொடுத்தது. இன்னொரு குழுவுக்குச் சத்துணவு பற்றிய அறிவுரையும் துண்டறிக்கையும் மட்டும். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. ருசி பார்த்த பிள்ளைகளிடம்தான் விருப்பமும் கூடியது, சாப்பிட்ட அளவும் கூடியது. அறிவுரை வாங்கிய வீடுகளில் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. நீங்கள் எங்களுக்கு அனுப்பியது துண்டறிக்கை.

இங்கேதான் நீங்கள் யோசிக்காத ஒன்று வருகிறது, பணம். ருசி பழகட்டும் என்று காயைத் திரும்பத் திரும்ப வைப்பது என்றால், திரும்பத் திரும்ப அதைக் கொட்டுவதும் சேர்ந்ததுதான். பிள்ளை ஒரு புதுச் சுவையை ஏற்க 8 முதல் 15 முறைகூட ஆகலாம் என்கிறார்கள். அத்தனை முறையும் தட்டிலிருந்து குப்பைக்குப் போவதை யார் தாங்குவது? கெய்ட்லின் டேனியல் என்ற சமூகவியலாளர் 2016-இல் இதைத்தான் எழுதினார். வருமானம் குறைந்த பெற்றோர்கள் காய்கறியின் அருமை தெரியாதவர்கள் இல்லை. பிள்ளை தொடாத உணவு வீணாகும், அதற்கு ஈடாக வேறொன்று வாங்கக் கையில் பணம் இல்லை. ஆகவே பிள்ளை நிச்சயம் சாப்பிடும் என்று தெரிந்ததையே வாங்குகிறார்கள். கணக்குப் போட்டுக் குடும்பம் நடத்துகிறவர்கள் செய்யும் நியாயமான முடிவு அது. உங்கள் பலகையில் அடிக்கடி ஏறும் பெயர்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். யாருடைய வீட்டில் வாரக் கடைசியில் காய் தீர்ந்துவிடுகிறது, யாருடைய அம்மா இரவு வேலைக்குப் போகிறார், எந்தப் பிள்ளை அக்காவின் கையால் சாப்பிடுகிறது என்பது வகுப்பாசிரியர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் பெயரைத்தான் நீங்கள் சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

வீட்டால் தாங்க முடியாத அந்த நஷ்டத்தைப் பள்ளியால் தாங்க முடியும். ஒரு வகுப்புக்கு நான்கு கேரட்டும் இரண்டு வெள்ளரியும் நறுக்கினால் பிள்ளைக்கு ஒரு துண்டு வரும். துப்பியது போக மிச்சம் ருசியாக நாக்கில் நிற்கும். கூட இருக்கும் பத்துப் பிள்ளைகள் மெல்லுவதைப் பார்த்தால், வீட்டில் தொடாதவனும் எடுத்துப் பார்ப்பான். சாக்லேட்டுக்கு வாராவாரம் செலவழிக்கும் பணம் இதற்குப் போதும் என்றே நினைக்கிறேன். போதாவிட்டால் பெற்றோர் சங்கத்தில் வந்து கேளுங்கள், நான் கொடுக்கிறேன், இன்னும் பலரும் கொடுப்பார்கள்.

மதிய உணவு நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கை கழுவ வரிசையில் நின்று, டப்பாவைத் திறந்து உட்காரும்போது பாதி நேரம் போய்விடுகிறது. மணி அடிக்குமுன் எதை முதலில் முடிப்பது என்று பார்க்கிற பிள்ளை, மென்று தின்ன நேரமாகும் காயையா எடுக்கும்? அமெரிக்கப் பள்ளிகளில் செய்து 2016-இல் வெளியான ஆய்வில், உட்கார்ந்து சாப்பிட 20 நிமிடத்துக்கும் குறைவாகக் கிடைத்த மாணவர்கள் காய்கறியைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். நாங்கள் காலையில் நறுக்கி வைக்கும் கேரட் மாலையில் வாடிச் சுருங்கித் திரும்பி வருகிறது. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் எங்களிடம் கையெழுத்துக் கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் ஆசிரியர்கள் பிரம்புபோல நின்று பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன என்பதும் என் கேள்வி. அவர்களுக்கும் பசிக்கும்தானே.

நான் கேட்பவற்றை வெளிப்படையாகவே வைக்கிறேன்.

வகுப்புப் பலகையில் உள்ள பெயர்களை நாளைக் காலை பிள்ளைகள் வருமுன் அழித்துவிடுங்கள். இதற்குக் கூட்டமோ தீர்மானமோ தேவையில்லை.

காய்கறி அட்டையை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள், வெள்ளிக்கிழமைச் சாக்லேட்டையும் சேர்த்து. ஏற்கெனவே வந்த கையெழுத்துகளை வைத்து எந்த அறிக்கையும் தயாரிக்காதீர்கள். அவற்றில் எது உண்மை என்று எங்களாலேயே சொல்ல முடியாது.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, பெற்றோர் எல்லோருக்கும் பொதுவாகப் புதிதாக ஒன்று எழுதுங்கள். வயதுவாரியான சரியான அளவு அதில் இருக்கட்டும். வற்புறுத்தாமல் கொஞ்சமாக, திரும்பத் திரும்ப வைக்கலாம், சமைக்கும்போது பக்கத்தில் நிற்க விடலாம், கழுவி நறுக்கிய பழத்தைக் கண்ணுக்கு எட்டும் இடத்தில் வைக்கலாம் என்பவையும் இருக்கட்டும். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு என்று எலின் சாட்டர் என்ற உணவியலாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே வகுத்த பங்கீடு இருக்கிறது. அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். கண்டிப்பு, அக்கறை என்று எங்களுக்கு மதிப்பெண் போடும் வரிகள் வேண்டாம்.

தொடக்க வகுப்புகளில், மதிய உணவுக்குமுன், பிள்ளைகள் பசியோடு இருக்கும் நேரத்தில், நறுக்கிய காயோ பழமோ ஒரு தட்டில் நடுவில் வையுங்கள். எடுப்பவர் எடுக்கட்டும். யார் எடுத்தார்கள் என்று குறிக்க வேண்டாம். ஒரே காயை இரண்டு வாரமாவது தொடர்ந்து வையுங்கள், அடுத்ததற்கு மாறுமுன்.

மதிய உணவுக்குக் கை கழுவும் நேரம் போக முழுதாக 25 நிமிடம் உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கும்படி நேர அட்டவணையை மாற்றுங்கள். வகுப்பாசிரியர்கள் வாரத்தில் சில நாளாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்யுங்கள், அவர்களுடைய ஓய்வு நேரத்தில் கைவைக்காமல்.

பள்ளி முடிவெடுத்தபின் எங்களுக்குச் சொல்வதாக இல்லாமல், சாப்பாடு தொடர்பாக வீட்டுக்குள் வரும் எந்தத் திட்டத்தையும் பெற்றோர் கூட்டத்தில் முதலில் வையுங்கள். மாலைநேர வேலையில் இருப்பவர்களும் வரக்கூடிய ஒரு நேரத்தில்.

இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை என் இரண்டு பிள்ளைகளின் அட்டைகளும் கையெழுத்தில்லாமல்தான் வரும். அது என்னுடைய முடிவு. அதற்காக அவர்களுடைய பெயர் பலகையில் ஏறக்கூடாது.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு, ஒன்றாம் வகுப்பு மாணவர்களின் தந்தை